நல்ல சுவர்

மரப்பலகை மாட்ட ஆணி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று தெரியாது. "என்ன சுவர்?" என்று கேட்டால் "மஞ்சள் சுவர்" என்பார்கள். மீதிப் பாதிப் பேர் விவரமானவர்கள். அவர்கள் "இளமஞ்சள்" என்பார்கள்.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடாது, நான் போல்ட் போட்டது. தொப்பியை எந்தக் கொக்கியில் வேண்டுமானாலும் மாட்டலாம். இந்தக் கடையில் மாட்டியது எதுவும் விழுந்ததில்லை.

என் சகலை வீட்டுக் கூடத்தில் பலகை விழுந்து ஓர் உயிர் போனது. அவன் தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டு உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். நீங்கள் ஒரு சம்பிரதாயத்துக்காக, அந்தப் பலகைக்கு என்ன ஸ்க்ரூ கொடுத்தேன் என்று என்னிடம் கேட்டுப் போக வந்திருக்கிறீர்கள். நல்லது. நடந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் வந்து பேசினார்கள். பலகையைப் பற்றிப் பேசினார்கள், விதியைப் பற்றிப் பேசினார்கள், ஒருவர் தன் மூட்டுவலியைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார். ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ஆகையால் உங்களிடம் முழுதாகச் சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் மஞ்சள் சுவர்க்காரர்கள்தான், நிற்கட்டும்.

பேருக்கு ஆசைப்பட்டவன் இல்லை நான். அதை முதலில் எழுதுங்கள்.

என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வேலையில் இருந்த காலமெல்லாம் ஓர் அலுவலகத்தில் மேசையின் இடது பக்கத்துக் கோப்புகளை வலது பக்கம் மாற்றி வைத்தான். ஓய்வு பெற்றதும் மாற்றி வைக்க ஒன்றும் இல்லாமல் போனது. கை அரித்தது. ஒரு ரம்பமும் இரண்டு உளியும் வாங்கினான். என் கடையில்தான் வாங்கினான், அதுவும் என் பாவத்தில் சேரட்டும். பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதில் வாசகம் செதுக்க ஆரம்பித்தான்.

'மூச்சு விடு' என்று ஒன்று செய்தான். அதுவரைக்கும் நாமெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு அவன் பலகைக்காகக் காத்திருந்தோம் போலிருக்கிறது. 'இங்கே சிரிப்பு குடியிருக்கிறது' என்று ஒன்று. அதை வாங்கி மாட்டிய வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதே பக்கத்து வீட்டுக்காரர் வழியாகத்தான். 'வீடு என்பது சுவரல்ல' என்று இன்னொன்று. அதை எதில் மாட்டினான் என்று நீங்கள் கேட்க வேண்டும். சுவரில்தான் மாட்டினான்.

ஊர் சொக்கிப் போனது. பலகைக்காரர் என்று அவனுக்குப் பட்டம் கொடுத்தார்கள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். "எப்படி சார் இப்படியெல்லாம் தோணுது?" என்று கேட்பார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "தானா வருது" என்பான். கழுத்தில் மரத்தூள் ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட மாட்டான். விருந்தாளி போன பிறகுதான் குளிப்பான்.

அந்தப் பலகைகள் ஒவ்வொன்றையும் சுவரில் நிறுத்தியவன் நான். அது விளையாட்டு வேலை இல்லை. பலகையைக் கையில் தூக்கி எடை பார்க்க வேண்டும். பச்சை மரமா, காய்ந்த மரமா என்று முகர்ந்து பார்க்க வேண்டும். பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும், ஒற்றை ஆணியில் விட்டால் கோணிக்கொண்டு நிற்கும். சின்னப் பலகைக்கு முதுகில் ஒரு முக்கோண வளையம் போதும். நீளமானது என்றால் சாவித் துவாரம் மாதிரி வெட்டிய தகடு இரண்டை மட்டம் பார்த்துப் பதிக்க வேண்டும். அப்புறம் சுவர். விரல் கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். செங்கல் நன்றாகப் பிடித்திருந்தால் 'டக்' என்னும். உள்ளே பிடிப்பு இல்லையென்றால் 'பொத்' என்னும். அதற்குத் தகுந்த துளை, துளைக்குள் அடிக்க அதற்குத் தகுந்த பிளாஸ்டிக் ப்ளக், ப்ளக்குக்குத் தகுந்த ஸ்க்ரூ.

என் ஸ்க்ரூவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம். ஒரு புயலில் முடிதிருத்தும் கடை ஒன்று தரைமட்டமாயிற்று. கூரை பக்கத்துத் தெருவுக்குக் குடிபோய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு தூண் மட்டும் நிற்கிறது. அதில் நான் போட்ட ஸ்க்ரூவில் கண்ணாடி தொங்குகிறது, ஒரு கீறல் இல்லை. கடைக்காரர் வெட்டவெளியில் நாற்காலியைப் போட்டு அந்தக் கண்ணாடி முன்னாலேயே அன்றைக்குத் தொழிலை ஆரம்பித்துவிட்டார். வரிசையில் நின்று முகம் பார்த்தார்கள் ஜனங்கள். ஒருத்தராவது அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்க்ரூவைப் பார்த்தார்களா? மீசையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு தடவை ஒரு பொது மண்டபத்தில் அவன் பலகைகளையெல்லாம் வரிசையாக மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள். கொக்கி எல்லாம் நான் பார்த்துப் பார்த்துப் போட்டது. ஓர் அம்மாள் ஒரு பலகையை மெல்லத் தூக்கி அதன் முதுகை எட்டிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உலகத்தில் ஒருத்தருக்காவது புத்தி இருக்கிறதே என்று பக்கத்தில் போய் நின்றேன். "விலை எங்க போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

என் மனைவியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டிலும் அவன் பலகைகள் இருந்தன. காலையில் எழுந்ததும் முந்தானையால் அவற்றைத் துடைப்பது அவள் வழக்கம்.

"தம்பி கையில ஏதோ இருக்குங்க," என்பாள்.

"சிராய் குத்தியிருக்கும்," என்பேன்.

"உங்களுக்குப் பொறாமை. உங்க கடையில சொந்தமா முளைக்கிறது துரு ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நல்ல சிரிப்பு அவளுக்கு, பாத்திரம் அலம்பும் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். நானும் சிரித்திருக்கிறேன். பல் மருத்துவர் விவகாரம் வரைக்கும் சிரித்தேன்.

பல் மருத்துவர் ஒருவருக்கு 'அமைதி' என்று ஒரு பலகை செய்து கொடுத்தான் சகலை. நான் அதற்கு இரண்டு தகடும் ஸ்க்ரூவும் எடுத்துக் கொடுத்தேன். அங்கே சுவரில் ஓடு பதித்திருந்தது. ஓட்டில் துளை போட்டால் விரிசல் விடும் என்று பயந்து, என் ஸ்க்ரூவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வைத்து ஒட்டிவிட்டு வந்துவிட்டான். ஒரு நாள் மருத்துவர் ஒருத்தர் வாய்க்குள் விரலை விட்டிருந்த நேரம் பார்த்து அமைதி கீழே விழுந்தது. சத்தத்தில் அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார். மருத்துவர் விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வெகுநாள் திரிந்தார். கடித்தவருக்கோ, பிடுங்க வேண்டிய பல் அந்தக் கடியிலேயே தானாக வந்துவிட்டது. கூலி தர மாட்டேன் என்று அவர் சண்டை பிடித்தது தனிக்கதை.

பலகை விழுந்த மறுநாள் தெருவில் போகிறவர்களெல்லாம் என்னை நிறுத்திக் கேட்டார்கள், "உங்க கடை ஆணியாமே?" என்று. என் மனைவியும் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, தம்பி பலகைக்குக் கொஞ்சம் நல்ல ஆணியா பார்த்துக் குடுத்திருக்கக் கூடாதா?"

அன்று சாயங்காலம் சகலை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது பேச்சு அதில் வந்தது. விழுந்த பலகையின் முதுகில் டேப் ஒட்டியிருந்ததை நான் போய்ப் பார்த்திருந்தேன்; அதை அவனே சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் தோளில் கை போட்டான்.

"விடுங்கப்பா. அண்ணன் என்ன வேணும்னா செஞ்சாரு? வயசாயிடுச்சு, ஏதோ கை மாறி எடுத்துக் குடுத்திருப்பாரு."

என்னை மன்னித்தான். நான் செய்யாத தப்புக்கு, அதைச் செய்தவன், என் பெண்டாட்டிக்கு முன்னால் என்னை மன்னித்தான். "தம்பிக்குத்தான் என்ன மனசு," என்றாள் அவள், வீட்டுக்கு நடந்து வருகிற வழியில்.

நின்றால் பலகை, விழுந்தால் ஆணி. இதுதான் ஊர் நியாயம். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் உளறிக் கொட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். எனக்கு ஒரு யோசனை வந்தது.

கொஞ்ச காலம் கழித்துக் கடைக்கு வந்தான்.

"அண்ணே, பெரிசா ஒண்ணு பண்றேன். முழு மரத்துல நீளவாக்குல அறுத்த பலகை. ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கணும்."

"எங்க மாட்டப் போற?"

"கூடத்துல, நடுச் சுவர்ல. என் நாற்காலிக்கு மேல. அந்த இடம் வெறிச்சுனு கிடக்கு."

"என்ன வாசகம்?"

"அது சொல்லமாட்டேன். உங்க கல்யாண நாள் அன்னைக்குத்தான் காகிதத்தைப் பிரிப்பேன். அதுவரைக்கும் மேல ஒட்டியேதான் இருக்கும்." பல்லைக் காட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணே ஒண்ணு அண்ணே. கொக்கி, ஸ்க்ரூ எதுவும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா பலகையோட அழகே போயிடும்."

சரி என்றேன்.

அந்த நடுச் சுவரைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த வீட்டை அவனுக்கு விற்றவர் என் பழைய வாடிக்கையாளர். அந்த இடத்தில் முன்பு ஒரு கதவு இருந்தது. அவர் அதை எடுத்துவிட்டு வாசலை அடைத்தார். கழற்றிய கீல்களை நானே போய் வாங்கி வந்தேன். கொத்தனார் உடைந்த செங்கல்லை அள்ளி, ஈர மண்ணில் ஒப்புக்கு அடுக்கி, மேலே மட்டும் கன்னம் மாதிரி வழவழவென்று பூசிக்கொண்டிருந்தார். "இதுல யாரும் சாயப் போறதில்லையே," என்றார். அடைத்த வாசல் அப்படியே சுவருக்குள் நிற்கிறது, வெளியே தெரியாது.

இப்படிப்பட்ட இடத்தில் கனமான பலகை மாட்ட ஒரு வழி இருக்கிறது. நீளமான இரும்புப் பட்டை ஒன்றை, அடைத்த வாசலைத் தாண்டி இரண்டு பக்கமும் நல்ல சுவரைத் தொடுகிற மாதிரி வைத்து, அதில் பலகையை மாட்ட வேண்டும். பட்டை பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஒரு யானையை மாட்டலாம், யானை சம்மதித்தால். அந்தப் பட்டை அதோ, உத்தரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது பாருங்கள். அன்றைக்கும் அங்கேதான் கிடந்தது. கிளம்பும்போது அதை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்க்ரூ டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

மட்டமான சரக்கு எதையும் கொடுக்கவில்லை. அதையும் எழுதுங்கள். கடையில் இருப்பதிலேயே நீளமான ஸ்க்ரூ, தடித்த ப்ளக். என் கணக்கு இதுதான். ஸ்க்ரூ செங்கல்லை விடாது. செங்கல்லைச் சுவர்தான் விடும். பலகை கீழே வரும்போது ஸ்க்ரூ தன் செங்கல்லைக் கவ்விக்கொண்டே வரும். எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். சாமான் மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. பொருள் விடவில்லை, பிடித்துக்கொள்ள இடம்தான் இல்லை என்று மரமண்டைக்கும் விளங்கும்.

கீழே நாற்காலி இருக்குமே என்கிறீர்கள். இருக்கும். நான் நாற்காலியைத்தான் நினைத்தேன். அதில் அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது நாற்காலியின் விஷயம். அவன் தினமும் அதில் சாய்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடுத்த வாசகத்துக்காக வாயைத் திறந்தபடி காத்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, நானும் நம்பமாட்டேன்.

அவன் வீட்டுக்குப் போனேன். மச்சினி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்து, அவர்கள் இரண்டு பேரும் பார்க்க, சுவரை விரல் கணுவால் தட்டினேன். 'பொத்' என்றது. இன்னொரு தடவை தட்டினேன். பொத். சுவர் என்னிடம் உண்மையைத்தான் சொன்னது.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான்.

"நல்ல சுவர்," என்றேன்.

துளையை அவன்தான் போட்டான். தன் பலகைக்குத் தானே துளை போட வேண்டுமாம், அதில் ஏதோ ஆத்ம திருப்தியாம். நான் தடுக்கவில்லை. துளை மெஷினை வைத்து அமுக்கியதும் சரேலென்று உள்ளே போய்விட்டது.

"என்னண்ணே, வெண்ணெய்ல போற மாதிரி போகுது?"

"புது பிட். அப்படித்தான் போகும்."

"பார்த்தியா," என்று பெண்டாட்டியிடம் திரும்பினான், "அண்ணன் கடை சாமான்னா சாமான்தான்."

என் சாமானை அவன் பாராட்டியது அன்று ஒரு நாள்தான். அதற்காக என் மனம் மாறியிருக்கலாம். ஆனால் அது பிட்டுக்குக் கிடைத்த பாராட்டு, அதுவும் பொய்யான காரணத்துக்கு. அதை ஏற்றுக்கொள்கிற அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.

பலகை ஏறி நின்றது. பழுப்புக் காகிதம் ஒட்டிய முகத்தோடு வெகுநாள் நின்றது. நான் எதிர்பார்த்ததைவிட அதிக நாள். தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வருகிற என் மனைவியிடம் கேட்பேன்.

"பலகை எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"இப்பத்தாங்க உங்களுக்குக் கொஞ்சம் ரசனை வந்திருக்கு," என்றாள். அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். இதைத் தங்கையிடம் சொல்ல, தங்கை புருஷனிடம் சொல்ல, அவன் எனக்குப் போன் செய்து, "அண்ணே, ரொம்ப நன்றிண்ணே" என்று தழுதழுத்தான். முட்டாள்களோடு சம்பந்தம் வைத்துக்கொண்டால் இப்படித்தான், வெடிகுண்டுக்கும் நன்றி வாங்க வேண்டியிருக்கும்.

எங்கள் கல்யாண நாள் வந்தது. மதியம் போனோம். கூடத்தில் நுழைந்ததும் பார்த்தேன். அவன் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு பேர் உட்காருகிற சோபா ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம். யார் விருந்துக்கு வந்தாலும் ஏதாவதொரு பலகைக்குக் கீழே உட்கார வைத்து, பலகையும் ஆளும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்த பிறகுதான் விடுவார்கள். எனக்குத் தெரிந்த பழக்கம்தான். என் கணக்கில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். என்னையும் ஒரு பலகைக்குக் கீழே உட்கார வைக்கத் தோன்றும் என்று நான் நினைத்ததில்லை.

"அண்ணனும் அண்ணியும் இங்க உக்காரணும்," என்றான்.

அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். புதுப்புடவையை முழங்காலில் நீவிவிட்டுக்கொண்டாள். நான் ஜன்னல் ஓரமாக நின்றேன். அவன் ஸ்டூலில் ஏறிக் காகிதத்தைக் கிழித்தான்.

பலகையின் நடுவில் பெரிதாக ஒரு கொக்கி செதுக்கியிருந்தான். அதைச் சுற்றி எழுத்து. 'தாங்குகிறவர் தெரிவதில்லை. எங்களுக்குத் தெரியும்.' கீழே சின்னதாக, 'அண்ணனுக்கு.'

மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அந்தப் பல் டாக்டர் விஷயத்துல தப்பு என்னுதுதான் அண்ணே," என்றான் அவன், ஸ்டூலில் நின்றபடியே. "டேப் போட்டு ஒட்டிட்டேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் இப்படிச் சொல்லலாம்னு..."

நீங்கள் இப்போது பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறீர்கள். முகத்தில் ஒன்றும் இல்லை, எழுதுங்கள். நான் அந்தப் பலகையை நன்றாகப் பார்த்தேன். கொக்கியின் வளைவு தப்பு. அப்படி விரிந்த வாயுள்ள கொக்கியில் ஓர் ஈரத் துண்டைக்கூட மாட்ட முடியாது. பலகைக்குள் போகிற பக்கம் மரை இல்லை, வெறும் குச்சி மாதிரி விட்டிருந்தான். இத்தனை வருஷம் என் கடைக்கு வந்து போனவன் ஒரு கொக்கியைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் அது உதிர்ந்தது. பலகையின் மேல் ஓரத்திலிருந்து வெள்ளையாக, மாவு சலித்த மாதிரி, மெல்லிய கோடாக இறங்கி என் மனைவியின் தோளில் விழுந்தது. அவள் தட்டிவிட்டாள்.

"சுண்ணாம்பு," என்றான் சகலை. "புதுசா மாட்டினா கொஞ்ச நாள் அப்படித்தான் உதிரும், இல்லண்ணே?"

டீயை எடுத்துக் குடித்தேன். சர்க்கரை கூடுதல்.

"நீங்களும் வாங்களேன்," என்றாள் அவள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். "உங்களுக்குத்தானே செஞ்சிருக்கு. வந்து உக்காருங்க."

"எனக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுது. நீ உக்காரு," என்றேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். எழுந்திரு என்ற ஒரு வார்த்தை. அந்த ஒன்றுக்குப் பின்னால் எத்தனை வார்த்தை வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஏன் என்பார்கள். சுவர் சரியில்லை என்று சொல்ல வேண்டும். நல்ல சுவர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பார்கள். தெரியாமல் சொன்னேன் என்றால் என் தொழில் போயிற்று. தெரிந்துதான் சொன்னேன் என்றால் நான் போனேன். அதுவும் எந்த நேரத்தில்? அவன் ஸ்டூலில் நின்று தன் தப்பை ஒப்புக்கொண்டு, கண்ணில் நீரோடு, பெரிய மனிதனாக ஆகிக்கொண்டிருக்கிற நேரத்தில். நான் வாயைத் திறந்திருந்தால் அவன் மறுபடியும் என்னை மன்னித்திருப்பான். என் தோளில் கை போட்டிருப்பான். அவள் மறுபடியும், தம்பிக்குத்தான் என்ன மனசு என்றிருப்பாள்.

கொஞ்சம் யோசித்தேன். அதை மறைக்க மாட்டேன். ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். அப்புறம் இன்னொரு மடக்குக் குடித்தேன்.

அவன் கீழே இறங்கிப் போனை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"சரி, அண்ணன் அப்புறமா வரட்டும். முதல்ல அண்ணி மட்டும். அண்ணி, கொஞ்சம் நல்லா பின்னால சாஞ்சுக்கங்க. எழுத்து மறைக்குது."

அவள் சாய்ந்தாள். சோபாவின் முதுகு சுவரில் இடித்தது. பெரிய இடி ஒன்றுமில்லை. பலகை கீழே வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். எல்லோரும் அவள் பக்கம் ஓடினார்கள். பலகையைத் தூக்கினார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள். நானும் போனேன். அவள் மடியில் ஒரு செங்கல் துண்டு கிடந்தது. அதை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. வழக்கம்தானே.

ஆஸ்பத்திரியில் மச்சினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அத்தான், அவர் வேணும்னு பண்ணலை அத்தான். அவரை மன்னிச்சிருங்க."

"சரி, விடும்மா," என்றேன். "வேணும்னா செஞ்சான்?"

நான் அவனை மன்னித்துவிட்டேன். அது நல்ல இடமாகத்தான் இருந்தது, அன்று என் தோளில் கை போட்டு என்னை மன்னித்தபோது அவன் நின்ற இடம். ஆனால் அதிக நேரம் நிற்க விடவில்லை ஊர். அவனைத்தான் தாங்கினார்கள். "பாவம் பலகைக்காரர், சோறு தண்ணி இல்லாம கிடக்காரு." "தன் கையால மாட்டினதாச்சே, எப்படித் தாங்குவாரு?" செத்தது என் பெண்டாட்டி. துக்கம் அவன் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. இப்போது உங்கள் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டு இதையும் தன் பேரில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறான்.

அதைத்தான் நான் விடமாட்டேன். அவன் போட்டது துளை மட்டும். யோசனை என்னுடையது. சுவரைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான். பட்டையை விட்டுவிட்டு வந்தவன் நான். சுண்ணாம்பு உதிர்ந்ததைப் பார்த்துவிட்டு, நீ உட்கார் என்று சொன்னவன் நான். அவனுக்கு ஒரு சுவரைத் தட்டிப் பார்க்கத் தெரியுமா? அவனால் ஒரு கொசுவைக் கொல்ல முடியுமா? அதற்கும் ஒரு பலகை செதுக்குவான்.

வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. பலகைகளில் தூசி படிந்துவிட்டது. நான் துடைக்கப் போவதில்லை. அவள் கொஞ்சம் பொறுத்திருந்தால், அந்தச் செங்கல்லை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கியிருப்பேன். அவளுக்குப் புரிந்திருக்கும். துரு ஒன்றுதான் முளைக்கிறது என்று அப்புறம் சொல்லியிருக்க மாட்டாள்.

இதோ, இதுதான் நீங்கள் கேட்டு வந்தது. மேசை மேலேயே வைக்கிறேன், தொட்டுப் பாருங்கள். பாதிச் செங்கல், அதற்குள் ப்ளக், அதற்குள் ஸ்க்ரூ. இழுத்துப் பாருங்கள். வராது. இன்னும் பலமாக இழுங்கள். சொன்னேனே.

போதும், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும். மேலே அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதை அடித்துவிட்டு என் பெயரையும் கடையின் பெயரையும் போடுங்கள். இடம் இல்லையென்றால் சின்ன எழுத்தாகக்கூட இருக்கட்டும், கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.